ரபிக்கு அதிகாரம் தருவது யார்?

யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் காலை வழிபாடு நடக்கப் பருவமடைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் போதும். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். ரபி ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முறை தெரிந்த எவரும் முன்நின்று தொழுகை நடத்தலாம், மறைநூலான தோராவின் சுருளை வாசிக்கலாம். இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க மணமகன் மோதிரம் அணிவித்து உரிய வாசகத்தைச் சொன்னால் திருமணம் செல்லும். குழந்தைக்கு விருத்தசேதனம் செய்ய மோஹெல், ஆட்டையும் கோழியையும் முறைப்படி அறுக்க ஷோஹெத், இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய ஊர்க்காரர்களின் சங்கம் என ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் உண்டு. அர்ச்சகரோ பாதிரியாரோ இல்லாமல் நடக்காது என்று சொல்லத்தக்க சடங்கு ரபிக்கென்று ஒன்றுமே இல்லை. இருந்தும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக யூதச் சமூகங்கள் ரபியைத் தேடிப் போயிருக்கின்றன, வெளியூரிலிருந்து வரவழைத்துக் குடிவைத்திருக்கின்றன, அவர் சொன்னதற்காகச் சமைத்த சோற்றைக் கொட்டியிருக்கின்றன. சடங்கால் வராத இந்த அதிகாரம் வேறு எங்கிருந்து வருகிறது? கேள்வி கேட்பவரிடமிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ரபி என்பவர் முதன்மையாக விடை சொல்பவர். அவரிடம் போய்க் கேட்பது என்று ஒருவர் முடிவு செய்யும்போதுதான் அவர் சொல் கட்டுப்படுத்தும் சொல்லாகிறது. அவருக்குத் தரப்படும் பயிற்சியும் அந்த ஒரு வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான அதிகாரமும் யூதர்களிடையே இருந்தது. ஜெருசலேம் கோயிலில் பலியிட்ட கோஹன்கள் பிறப்பால் புரோகிதர்கள். ஆரோனின் வழிவந்தவனாக இருந்தால் போதும், படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கி.பி. 70-இல் ரோமப் படை அந்தக் கோயிலை அழித்தபோது பலிபீடத்தோடு அந்த அதிகாரத்தின் களமும் போயிற்று. முற்றுகையிலிருந்து தப்பிய யோஹனான் பென் சக்காய் ரோமத் தளபதியிடம் யாவ்னே என்ற சிற்றூரையும் அங்குள்ள அறிஞர்களையும் விட்டுவைக்கும்படி கேட்டார் என்று ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலான தல்மூத் சொல்கிறது. இது வரலாறா, பின்னாளில் ரபிகள் தம் தோற்றத்துக்குக் கட்டிய கதையா என்பது வேறு விவாதம். சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட சட்டநூலான மிஷ்னா, படிப்பறிவில்லாத தலைமைப் புரோகிதனைவிட விலக்கப்பட்ட உறவில் பிறந்த அறிஞன் முந்தியவன் என்று விதிக்கிறது. பிறப்பின் மேல் கல்வி உரிமைகோரிய இடம் இது. ஆனால் அந்த உரிமைகோரல் உடனே செல்லுபடியாகவில்லை. சேத் ஷ்வார்ட்ஸ் முதலிய வரலாற்றாசிரியர்கள் காட்டியிருப்பதுபோல, முதல் சில நூற்றாண்டுகளில் ரபிகள் ஒரு சிறு அறிஞர் வட்டம் மட்டுமே. கலிலேயாவின் பெரும்பாலான யூதர்கள் அவர்கள் பேச்சைக் கேட்டு நடந்ததாகத் தெரியவில்லை. வரி வசூலும் காவலும் ரோமர் கையில் இருந்தன. ரபியிடம் இருந்தது விடை மட்டுமே. வேண்டியவர் வந்து கேட்டார்கள், வேண்டாதவர் வரவில்லை. அந்த வட்டம் பெருகியது ஆணையால் அன்று, கேட்க வந்தவர்கள் பெருகியதால்.

பட்டமளிப்பின் வரலாறும் இதையே சொல்கிறது. மோசே யோசுவாவின் தலைமேல் கைவைத்துத் தன் பொறுப்பை ஒப்படைத்தார், அன்று தொடங்கிய சங்கிலி குருவிடமிருந்து மாணவருக்குத் தலைமுறை தலைமுறையாக நீண்டது என்பது மரபு. செமிக்கா எனப்படும் இந்த நியமனத்துக்கு ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தடையை மீறி யூதா பென் பாவா என்ற முதியவர் உஷா, ஷெபராம் என்ற இரு ஊர்களுக்கும் நடுவே ஐந்து மாணவர்களை நியமித்துத் தப்பியோடச் செய்தாராம். அவரை 300 ஈட்டிகள் துளைத்தனவாம். எண்ணிக்கையை நம்பவேண்டியதில்லை. அவர் உயிரைக் கொடுத்துக் காத்தது எதை என்று தல்மூத் சொல்லும் காரணம்தான் கவனத்துக்குரியது: நியமனம் அற்றுப்போனால் சிலவகை அபராத வழக்குகளைத் தீர்ப்பதற்கு ஆளிருக்காது. ஆக, செமிக்கா என்பது அருளோ புனித நிலையோ அன்று. வழக்கு விசாரிக்கும் தகுதி. அந்தச் சங்கிலியும் பலஸ்தீன யூதத் தலைமை 5-ஆம் நூற்றாண்டில் முடிவுக்கு வருவதற்குள் அறுந்துபோனது. 1538-இல் சபேத் நகரில் யாக்கோபு பெராப் அதைப் புதுப்பிக்க முயன்றார். புனித பூமியின் அறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் புதுப்பிக்கலாம் என்ற 12-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடஸின் கருத்து அவருக்கு ஆதாரம். சபேத்தின் 25 அறிஞர்கள் சேர்ந்து அவரை நியமித்தார்கள். அவர் யோசேப்பு காரோ உள்ளிட்ட நால்வரை நியமித்தார். ஜெருசலேமிலிருந்த லேவி இபின் ஹபீப் எங்களைக் கேட்காமல் எப்படி என்று மறுத்தார்; முயற்சி அதோடு சரிந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் ஒப்புக்கொள்ளாததால் 25 பேரின் கையொப்பம் செல்லாமல் போயிற்று. இன்று உலகெங்கும் செமிக்கா என்று தரப்படுவது பழைய சங்கிலியின் தொடர்ச்சி அன்று. இவர் கேள்விகளுக்கு விடை சொல்லலாம் என்று ஓர் ஆசிரியர் எழுதித்தரும் அனுமதிக் கடிதம் அது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு இத்தாலி வந்த இசாக் அப்ரவனேல், அங்கே ஆளாளுக்குச் சான்றிதழ் வழங்குவதைப் பார்த்து, இது கிறித்தவப் பல்கலைக்கழகங்களின் டாக்டர் பட்டத்தைக் கண்டு பொறாமைப்பட்டுச் செய்வது என்று எரிச்சலோடு எழுதினார். அவர் எரிச்சல் நியாயமானது.

அனுமதி எதற்கு என்பதை அறிய, தல்மூத் நினைவில் வைத்திருக்கும் ஓர் அனுமதியைப் பார்க்கலாம். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியாவுக்குப் புறப்பட்ட ராவ் என்ற மாணவருக்காக மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசியிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. விலக்கு விதிகளில் விடை சொல்லலாமா? சொல்லலாம். பண வழக்குகளைத் தீர்க்கலாமா? தீர்க்கலாம். கால்நடையின் தலையீற்றில் உள்ள ஊனத்தைப் பார்த்து அதை உண்ணலாம் என்று விடுவிக்கலாமா? கூடாது. ராவுக்கு அந்த விஷயம் தெரியாதோ என்றால், அவர் 18 மாதம் ஓர் இடையனோடு தங்கி எந்த ஊனம் நிலையானது, எது ஆறிவிடக்கூடியது என்று கற்றவர். தல்மூத் தரும் காரணங்களுள் ஒன்று இது: அவர் அளவுமீறிய தேர்ச்சி பெற்றவர் என்பதால், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத நுட்பத்தைக் கண்டு ஒன்றை விடுவிப்பார்; பார்த்திருக்கும் மக்கள் அதையே பொதுவிதியாக எடுத்துக்கொண்டு தவறுவார்கள். விடை சரியாக இருந்தால் போதாது, கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் தகுதியில் அடங்கும் என்று பொருள். அந்த முதல் இரண்டு கேள்விகளே இன்றும் பட்டங்களின் பெயர்: யோரே யோரே பெற்றவர் அன்றாட விலக்கு விதிகளில் முடிவு சொல்லலாம், யாதின் யாதின் பெற்றவர் வழக்கு மன்றத்தில் நீதிபதியாக அமரலாம்.

பாரம்பரியப் பிரிவில் பாடத்திட்டம் வியப்பூட்டும் அளவுக்குச் சமையலறையைச் சுற்றியது. இறையியல் தனிப்பாடமாகக் கிடையாது, பிரசங்கக் கலை கிடையாது. பழைய வழக்கத்தில் ரபி ஆண்டுக்கு இருமுறைதான் பேருரை ஆற்றுவார்: பாஸ்காவுக்கு முந்திய ஓய்வுநாளிலும், புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் இடைப்பட்ட ஓய்வுநாளிலும். மாணவர் பல ஆண்டுகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவரை ஒருவர் மறுத்துச் சத்தமாக வாதிட்டுத் தல்மூத் படிக்கிறார். பிறகு யோசேப்பு காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூக் சட்டத்தொகுப்பின் இரண்டாம் பகுதியில், இறைச்சிக்கு உப்பிட்டு இரத்தம் வடிப்பது, பாலும் இறைச்சியும், விலக்கப்பட்டது தவறிக் கலந்துவிட்ட உணவு ஆகிய அதிகாரங்களில் தேர்வு எழுதுகிறார். இறைச்சிக் குழம்பில் பால் துளி விழுந்துவிட்டது. குழம்பு அதைப்போல் அறுபது மடங்கு இருந்தால் கவலையில்லை. அறுத்த கோழியின் வயிற்றில் ஊசி கிடக்கிறது. அது குடலைத் துளைத்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும். அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்விகளில்தான் ரபியின் தரம் தெரியும். கிராக்கோவின் மோசே இசர்லீஸ் அதே தொகுப்புக்கு எழுதிய குறிப்புகளில், விதியைக் கடுமையாகக் கொண்டால் பெரும் நஷ்டம் வருமென்றால் தளர்த்தலாம் என்று பல இடங்களில் சொல்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை கோழியோடு வந்து நிற்கும் பெண் வசதியுள்ளவளா, வாரத்துக்கு ஒரு கோழிக்கே வழியில்லாதவளா என்பதும் சட்டக் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. கூடாது என்று சொல்ல எவராலும் முடியும், கூடும் என்று சொல்லத்தான் கல்வி வேண்டும் என்பது தல்மூதுக்கு ராஷி எழுதிய உரையில் வரும் கருத்து. புத்தகத்தால் மட்டும் இது வராது என்பதால்தான் மூத்த ரபியின் அருகிலேயே இருந்து அவர் விடைசொல்லும் விதத்தைப் பார்த்துப் பழகும் ஷிமுஷ் என்ற தொண்டுக்காலத்தைப் படிப்புக்கு மேலாகவே தல்மூத் வைக்கிறது. இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு விதி: ஓர் அறிஞரிடம் கேட்டு அவர் கூடாது என்றபின் இன்னொருவரிடம் போய் அனுமதி தேடக் கூடாது. யாரிடம் கேட்பது என்பது உன் விருப்பம். கேட்டபின் விடை உன்னைக் கட்டும்.

விடையை விற்கலாமா என்ற தகராறு இந்த வாதத்துக்கு இன்னொரு சான்று. தீர்ப்புக்குக் கூலி வாங்கினால் தீர்ப்பே செல்லாது என்கிறது மிஷ்னா. ஆகவே தல்மூது கால அறிஞர்கள் செருப்புத் தைத்தார்கள், இரும்படித்தார்கள், மதுபானம் காய்ச்சினார்கள். பாபிலோனியாவின் ராவ் ஹூனா, வழக்கோடு வந்தவர்களிடம் என் இடத்தில் நீர் இறைக்க ஓர் ஆளைத் தாருங்கள், நான் வந்து தீர்ப்புச் சொல்கிறேன் என்பாராம். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் தோராவைக் கொண்டு பிழைப்பவர்களைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவர் படிப்பைத் தாங்கியது தம்பி தாவீதின் வணிகம். தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தபின் அண்ணன் மருத்துவத் தொழிலில் இறங்க வேண்டியதாயிற்று. 1391-இன் கலவரங்களில் மயோர்க்காவிலிருந்து அல்ஜியர்ஸுக்குத் தப்பிவந்த சீமோன் துரானும் மருத்துவர்தான். அங்கே மருத்துவம் சோறு போடவில்லை. ரபியாகச் சம்பளம் வாங்கினார், வாங்கியதை நியாயப்படுத்தி எழுதவும் செய்தார். பிறகு நிலைத்த சமாதானம் இது: ரபிக்குத் தருவது விடைக்கான விலை அன்று, அவர் வேறு தொழில் செய்யாமல் இழந்த நேரத்துக்கான ஈடு. சட்டப் புனைவுதான். ஆனால் அந்தப் புனைவைப் பிடிவாதமாகக் காத்ததன் காரணம் தெளிவு. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே பணம் புகுந்தால் கேட்பவரின் நம்பிக்கை போய்விடும். அது போனால் ரபியிடம் வேறொன்றும் மிஞ்சாது.

அரசுகள் இதைப் புரிந்துகொள்ளவில்லை. நெப்போலியன் 1808-இல் பிரான்சின் யூதர்களைக் கன்சிஸ்டரி என்ற அமைப்புக்குள் கொண்டுவந்து, சட்டத்துக்குக் கீழ்ப்படியவும் படைச்சேவையைப் புனிதக் கடமையாகக் கருதவும் போதிக்கும் அலுவலராக ரபியை ஆக்கினார். ரஷ்யப் பேரரசில் சோதனை இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1847-இல் வில்னாவிலும் ஷிடோமிரிலும் அரசே ரபிப் பள்ளிகளைத் திறந்தது. அங்கே தேறியவர்கள் ரஷ்ய மொழி அறிந்தவர்கள், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுபவர்கள், அரசு அங்கீகாரம் பெற்ற ரபிகள். மக்கள் பதிவுக்கு அவர்களிடம் போனார்கள். கோழிக்கும் மணவிலக்குக்கும் முத்திரை எதுவுமில்லாத தங்கள் பழைய ரபியிடமே போனார்கள். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு ரபிகள். பின்னாளில் இட்டிஷ் மொழியின் பெரும் எழுத்தாளரான ஷோலெம் அலெக்கெம் 1880 முதல் 1883 வரை லூப்னியில் அத்தகைய அரசு ரபியாக இருந்தவர் என்பதே அந்தப் பதவியின் இயல்பைச் சொல்லும். பள்ளிகள் இரண்டும் 1873-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. அதே காலத்தில் கோவ்னோ நகரின் இசாக் எல்கனான் ஸ்பெக்டரிடம் தொலைதூர ஊர்களிலிருந்தெல்லாம் கேள்விகள் வந்து குவிந்தன. கணவன் காணாமற்போய் மறுமணம் செய்யவியலாமல் நின்ற பெண்களை விடுவிக்க அவர் வழிதேடுவார் என்பது ஊரறிந்த செய்தி. ரபிகளை உருவாக்குவது நோக்கமல்ல, தோராவைப் படிப்பதற்காகவே படிக்க வேண்டும் என்று 1803-இல் தொடங்கிய வொலோஷின் கல்விக்கூடமோ லித்துவேனியப் பாணிக் கல்விக்கூடங்களுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. பட்டம் தர நிறுவிய பள்ளிகள் யாரும் மதிக்காத ரபிகளை உருவாக்கின. பட்டத்தைப் பொருட்படுத்தாத பள்ளி மதிக்கப்பட்டவர்களை உருவாக்கியது.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. ரபிகள் சமூகத்திலிருந்து விலக்கிவைக்கும் ஆயுதத்தை வைத்திருந்தார்களே, தத்துவ அறிஞர் ஸ்பினோசாவை 1656-இல் ஆம்ஸ்டர்டாமில் விலக்கவில்லையா என்பது முதல் மறுப்பு. அந்த ஆணையைப் பிறப்பித்தது மாஅமாத் எனப்பட்ட நிர்வாகக் குழு. வணிகர்களும் செல்வந்தர்களும் கொண்டது. ரபிகளின் கருத்தறிந்து செய்ததாக ஆணை சொன்னாலும் ஆட்சி அவர்களுடையதன்று, அவர்களுக்கே சம்பளம் கொடுத்தது அந்தக் குழுதான். இரண்டாவது மறுப்பு வலுவானது. 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய ஹசீதிய இயக்கத்தில் ரெபே என்பவரின் அதிகாரம் கல்வியால் வந்ததன்று. அவர் ஆளுமையாலும் பின்னர் வமிசத்தாலும் வந்தது. தந்தைக்குப்பின் மகன், மகனுக்குப்பின் மருமகன். பிறப்பதிகாரம் பின்வாசல் வழியாகத் திரும்பிவந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆயினும் அந்தச் சமூகங்களிலேயே கோழியும் குழம்பும் ரெபேயிடம் போவதில்லை. ஆசிக்கும் ஆறுதலுக்கும் அவர். சட்டக் கேள்விக்குத் தேர்வில் தேறிய தயான் என்ற தனி நீதிபதி. பக்தி எவ்வளவு பெருகினாலும் விடை சொல்லும் வேலையை அதனால் விழுங்க முடியவில்லை.

நமக்கு அண்டையிலுள்ள கொச்சியிலிருந்து வேறுவகை மறுப்பு எழுகிறது. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மனிடம் வட்டெழுத்துச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை பெற்ற யோசேப்பு ரப்பான் வணிகத் தலைவர். பிற்காலத்தில் அங்குள்ள யூதர்களுக்கு ராஜா நியமித்த தலைவருக்கு முதலியார் என்ற பட்டம் இருந்தது. பட்டம் பெற்ற ரபிகளின் வரிசை என்று அங்கே ஒன்றும் உருவாகவில்லை. மூத்தவர்களும் தொழுகை நடத்துபவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வழிபாட்டைக் குறைவின்றிக் காத்தார்கள். அப்படியானால் ரபி தேவையே இல்லையா? தேவைப்பட்டபோது அவர்கள் கடல் கடந்து கேட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்த தாவீது இபின் சிம்ராவுக்கு ஒரு கேள்வி போயிற்று: தூய வமிசத்தார் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சிலர், அடிமை வழிவந்தவர்கள் என்று கூறி மற்ற யூதர்களோடு மண உறவு கொள்ள மறுக்கிறார்கள், செய்வது என்ன? உரிய முறையில் நீரில் முழுக்கினால் அவர்கள் முழு யூதர்கள், மணம் செய்யலாம் என்று விடை வந்தது. மறுத்தவர்கள் மறுத்தபடியே இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் கொச்சியின் பரதேசித் தொழுகைக்கூடத்தில் அடிமை வழிவந்தவர் எனப்பட்டவர்களுக்குச் சம உரிமை கேட்டு அறப்போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சாதி கொச்சியின் தெருவிலேயே இருந்தது. கெய்ரோ ரபியின் கடிதத்துக்குப் பின்னால் காகிதம் மட்டுமே இருந்தது. இது என் வாதத்தை முறிக்கவில்லை, அதன் கசப்பான பக்கத்தைக் காட்டுகிறது. கேட்பவர் தரும் அதிகாரம் என்றால், கேட்டவர் எடுத்துக்கொள்ள மறுக்கும்போது எவ்வளவு நியாயமான விடையும் செயலற்றுக் கிடக்கும்.

நிபந்தனையின்றி நான் விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இஸ்ரேல். 1921-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கிய தலைமை ரபி அமைப்பும், 1953-இன் சட்டமும் சேர்ந்து அந்நாட்டு யூதர்களின் திருமணத்தையும் மணவிலக்கையும் ரபி நீதிமன்றங்களிடம் ஒப்படைத்துவிட்டன. மணவிலக்குப் பத்திரத்தைக் கணவன் மனமுவந்து தந்தாக வேண்டும் என்பது பழைய சட்டம். தர மறுப்பவனைச் சிறையிலடைக்கவும் வங்கிக் கணக்கை முடக்கவும் 1995-இன் சட்டம் அந்த நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தயங்கித் தயங்கியே அவை அதைப் பயன்படுத்துகின்றன என்பது பெண்கள் அமைப்புகளின் நெடுநாள் குறை. மணவிலக்குக் கேட்டு நிற்கும் பெண் இந்த ரபி வேண்டாம் என்று வேறு இடம் போக முடியாது. 1960-களின் தொடக்கத்தில் மும்பை, கொங்கண் பகுதியிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் என்ற யூத மக்களின் வமிசத்தை விசாரிக்காமல் மணம் செய்துவைக்கக் கூடாது என்று தலைமை ரபி அமைப்பு உத்தரவிட்டபோதும் நிலை இதுவே. அவர்கள் வீதியிலிறங்கிப் போராடி 1964-இல்தான் அது திருத்தப்பட்டது. இங்கே ரபியின் பின்னால் நிற்பது கேட்பவரின் நம்பிக்கை அன்று, அரசு. விளைவும் தெரிகிறது: ஆண்டுதோறும் எத்தனையோ இஸ்ரேலியத் தம்பதியர் சைப்ரஸுக்குப் பறந்து பதிவுத் திருமணம் செய்து திரும்புகிறார்கள்.

அமெரிக்காவின் ரபி வேறு திசையில் நகர்ந்துவிட்டார். 1875-இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஹீப்ரு யூனியன் கல்லூரி போன்றவற்றில் ஐந்தாண்டுப் படிப்பில் வரலாறும் பேச்சுக்கலையும் மருத்துவமனையில் நோயாளியின் அருகில் அமரும் பயிற்சியும் உண்டு. விலக்கு விதிகளைக் கேட்க வருபவர் குறைந்துவிட்ட இடத்தில் துக்கத்தோடும் குழப்பத்தோடும் வருபவர் பெருகியிருக்கிறார். கேட்கப்படுவது மாறியதால் பயிற்சி மாறியது. இதைச் சீரழிவென்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்களின் வருகையும் இதே தடத்தில் நடந்தது. ரெகினா யோனாஸ், பெண் ரபியாகலாமா என்ற கேள்வியையே ஆய்வேடாக எடுத்து, பழைய சட்ட நூல்களைக் கொண்டே ஆகலாம் என்று நிறுவி, 1935-இல் ஜெர்மனியில் பட்டம் பெற்றார்; 1944-இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சீர்திருத்தப் பிரிவின் கல்லூரி ஒரு பெண்ணுக்குப் பட்டம் தர 1972 வரை ஆயிற்று. பாரம்பரியப் பிரிவில் பட்டத்துக்கு எதிர்ப்பு இன்றும் தீரவில்லை. ஆனால் ஜெருசலேமின் நிஷ்மத் கல்விக்கூடம் 1997-இல், மாதவிலக்கையும் மணவாழ்வையும் பற்றிய விதிகளில் பெண்களுக்குப் பெண்களே விடைசொல்லப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. ஆண் ரபியிடம் கேட்கக் கூசி, கேட்காமலே தம்மைத் தாமே கடுமையாக விலக்கிக்கொண்ட பெண்கள் இப்போது தொலைபேசியில் கேட்கிறார்கள். யோயட்செத் எனப்படும் இந்த ஆலோசகர்கள் தம்மை ரபி என்று சொல்லிக்கொள்வதில்லை. சிக்கலான கேள்விகளை ரபிக்கு அனுப்பிவிடுவது அவர்கள் நடைமுறை; எது சிக்கலானது, எது இல்லை என்று பிரிப்பவர் அழைப்பை எடுத்த பெண்தான்.